இருபத்தேழு டிகிரி

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற காலத்தில் ஒருத்தி கம்பளி ஸ்வெட்டரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்பாள், கண்டக்டர் கேட்பார். அவள் ஒரு நூலகர். யாருக்கும் பதில் சொல்வதில்லை. அவள் வேலை பார்க்கும் அறைக்குள் வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்தால் கேட்டவர்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும், பல் தந்தியடிப்பதைத் தவிர.

அது ஒரு குளிர்கிடங்குக் கம்பெனி. காய்கறிக்கும் மருந்துக்கும் கிடங்கு வடிவமைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். எந்தச் சரக்கை எத்தனை டிகிரியில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்று உலகத்துக்கே அளந்து சொல்கிற நூற்றிருபது எஞ்சினியர்கள் ஐந்து மாடிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் நூலகம். அந்த அறை மட்டும் ஒன்பது வருஷமாகப் பதினெட்டு டிகிரியில் விறைத்துக்கொண்டிருந்தது. எஞ்சினியர்கள் வருவார்கள், புத்தகத்தை எடுப்பார்கள், கையைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். "மேடம், இங்க கேரட் வெச்சா ஒரு மாசம் தாங்கும்" என்று ஆளாளுக்கு அதே ஜோக். ஏன் இப்படிக் குளிர்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்கள் அப்படித்தான்.

கேட்டது நூலகர் ஒருத்திதான். கேட்டாள் என்றால், எலக்ட்ரீஷியனைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தாள்.

எலக்ட்ரீஷியன் அடித்தளத்தில், கட்டடத்தின் ஏசி எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் பலகைக்கு முன்னால் இருப்பார். நூலகத்துச் சுவரில் ஒரு சென்சார். அது அறையின் சூட்டை அளந்து அவருடைய பலகைக்குச் சொல்லும். இருபத்துநாலுக்கு மேலே போனால் ஏசி ஓடும், கீழே வந்தால் நிற்கும். இதுதான் ஏற்பாடு.

"இங்க விரல் மரத்துப் போகுது. குறைங்க" என்பாள் இவள் போனில்.

"மேடம், இங்க இருபத்தேழுன்னு காட்டுது. இன்னும் குளிரவே இல்ல" என்பார் அவர்.

"என்ன, விளையாடறீங்களா?"

"நான் எங்க மேடம் விளையாடறேன், பலகைதான் சொல்லுது."

அவள் போனை வைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் பேருக்கு, பொது மேலாளருக்கு நகலோடு, புகார் எழுதுவாள். ஒன்பது வருஷத்தில் முப்பத்தொரு புகார். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, எண் போட்டு, தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருந்தாள். தப்பான அலமாரியில் ஒரு புத்தகம்கூட வைத்தது கிடையாது என்று தன்னைப் பற்றி அவளே சொல்லிக்கொள்வாள், கொஞ்சம் சத்தமாகவே.

அந்த வருஷம் கம்பெனிக்குத் திடீரென்று பூமியின் மேல் அக்கறை வந்தது. பசுமைக் குழு என்று ஒன்று போட்டார்கள். பொது மேலாளர்தான் தலைவர். குழு முதல் வேலையாக ஒவ்வொரு அறைக்கும் ஒரு நாள் மீட்டர் மாட்டிக் கணக்கெடுத்தது. நூலகத்துக்கு ஒரு நாளைக்கு அறுபது யூனிட். சதுர அடிக்கு இவ்வளவு மின்சாரம் தின்கிற அறை கட்டடத்திலேயே நூலகம்தான் என்று கண்டுபிடித்தது. மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"புத்தகத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்மா. காகிதமும் மிச்சம், கரண்ட்டும் மிச்சம். அந்த ரூமை மீட்டிங் ஹாலா மாத்திக்கலாம். உங்களுக்கு ஆவணப் பிரிவுல ஒரு சீட் போட்டுடறேன்."

"மீட்டிங் ஹாலுக்கு ஏசி வேண்டாமா சார்?"

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார்.

"எனக்கு ஒரு மாசம் குடுங்க. பாதியாக் குறைச்சுக் காட்டறேன். முப்பது யூனிட். முடியலேன்னா சாவியை நானே கொண்டுவந்து உங்க மேஜைல வெக்கறேன்" என்றாள்.

அடித்துச் சொல்லிவிட்டாள். படி இறங்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டாயிரம் புத்தகங்கள். அதில் பாதியை ஸ்கேன் செய்ய யாருக்கும் நேரம் வராது, பழைய காகிதக் கடைக்குத்தான் போகும். அதை அவள் பார்த்துக்கொண்டு ஆவணப் பிரிவில் உட்கார வேண்டும். நடக்காது என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாளே நூலகத்துக்கென்று நிரந்தரமாக ஒரு மீட்டர் வைக்கச் சொன்னாள். எலக்ட்ரீஷியன் தான் வரவில்லை, தன் ஆளை அனுப்பினார்; அவன் வாசலுக்கு வெளியிலேயே மாட்டிவிட்டுப் போனான். மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்தாள். விளக்குகளில் பாதியைக் கழற்றினாள். ஒரே விதிமுறைப் புத்தகத்தை ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிதாக அச்செடுப்பதை நிறுத்தி, மாடிக்கு ஒரு பிரதி, அதற்குக் கையெழுத்து என்று சட்டம் போட்டாள். ஒருபக்கத் தாள்களை வெட்டிக் குறிப்புச் சீட்டு ஆக்கினாள். எஞ்சினியர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கையெழுத்துப் போட்டார்கள். ஐம்பத்தேழு யூனிட்.

காற்று வரட்டும் என்று ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். அறுபத்துநாலு.

அடித்தளத்திலிருந்து போன் வந்தது. "மேடம், ஏசி ஓடறப்போ ஜன்னலைத் தொறந்தா தெருவுக்கும் சேத்து நாமதான் குளிரூட்டணும்" என்று எலக்ட்ரீஷியன் பணிவாகச் சொன்னார். பின்னால் நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு முப்பத்திரண்டாவது புகாரை எழுத உட்கார்ந்தாள். அன்றைக்குப் புகாரைவிட மீட்டர் முக்கியம் என்பதால் பாதியில் விட்டாள்.

பத்தொன்பதாம் நாள் நூலக மூலையில் இருந்த பெரிய அச்சு இயந்திரம் பழுதாகி, அதன் உருளையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பதினோரு மணிக்கு அறையில் ஏதோ குறைந்தாற்போல இருந்தது. என்ன என்று நிமிர்ந்து பார்த்தாள். ஏசியின் இரைச்சல் நின்றிருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் ஸ்வெட்டரைக் கழற்றினாள். மாலையில் மீட்டர் இருபத்தாறு யூனிட் காட்டியது.

குதிக்கத் தோன்றியது. ஆனால் நோட்டு வைத்திருப்பவள் சும்மா குதிக்க மாட்டாள். மறுநாள் உருளை திரும்பி வந்தது, இயந்திரம் ஓடியது, ஐம்பத்தெட்டு. அவள் ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மூலையில் தலையை நுழைத்தாள். இயந்திரத்தின் சூடான மூச்சு நேராக மேலே போய்ச் சுவரில் இருந்த ஒரு சின்ன வெள்ளை டப்பாவில் மோதிக்கொண்டிருந்தது. அதுதான் சென்சார். வெப்பமானியை அதன் பக்கத்தில் பிடித்தாள். இருபத்தேழு.

பலகை பொய் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியனும் பொய் சொல்லவில்லை. அறை குளிர்ந்து செத்துக்கொண்டிருக்க, அந்த மூலை மட்டும் வெந்துகொண்டிருந்தது.

இயந்திரத்தை அந்த மூலையில் வைத்தது யார்? அவள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அச்செடுக்க வருகிறவர்கள் வாசிக்கும் மேஜைப் பக்கம் நின்று வளவளவென்று பேசுகிறார்கள் என்று, ஆள் வைத்து நகர்த்தி, அலமாரியை மறைப்பாக இழுத்து விட்டவள் சாட்சாத் அவளே. அந்த ஏற்பாட்டைப் பற்றி வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தாள். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது, காது சுட்டது.

மறுநாள் சாயந்திரம் வீட்டில் நாத்தனாரிடம் சொன்னாள். கணவனின் அக்கா, வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"இப்ப என்ன, மெஷினை நகர்த்தினா ஜெயிச்சுடுவேல்ல?"

"நகர்த்திட்டேன் அண்ணி. இருபத்தஞ்சுக்கு வந்துடுச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அந்த எலக்ட்ரீஷியனை முப்பத்தொரு தடவை எழுதி வெச்சுத் திட்டியிருக்கேன்."

நாத்தனார் மெஷினை நிறுத்தினார். "என் தம்பி ஒரு சாவியைத் தொலைச்சுட்டான்னு மூணு நாள் அவனை வறுத்தெடுத்தே. சாவி உன் பையிலயே இருந்துச்சு. அப்பவாவது கதவைச் சாத்திக்கிட்டு மன்னிப்புக் கேட்ட. இதுக்கு ஊரறியத் திட்டியிருக்க, ஊரறியத்தான் கேக்கணும்." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "அதுக்காக அந்த ரூமை விட்டுட்டு வந்து நிக்காதே. ரெண்டையும் செய்" என்றார்.

மாதக் கடைசியில் குழு கூடியது. எலக்ட்ரீஷியனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு கதவோரமாக நின்றார். நூலகர் மீட்டர் நோட்டை மேஜையில் வைத்தாள். கடைசிப் பத்து நாளின் சராசரி இருபத்தஞ்சு யூனிட். மேலாளர் பக்கத்தைப் புரட்டினார், புருவத்தை உயர்த்தினார்.

"பாதிக்கும் கீழ! எப்படிம்மா?"

"சென்சார் மேல சூடு பட்டுக்கிட்டிருந்தது சார். அதைச் சரி பண்ணேன்."

"ஓஹோ." மேலாளர் கதவுப் பக்கம் திரும்பினார். "அப்ப ஒன்பது வருஷமா நீங்களும் உங்க ஆளுங்களும் கீழ தூங்கிட்டிருந்தீங்களா? மேடம் முப்பத்தொரு லெட்டர் போட்டிருக்காங்க, எல்லாம் என்கிட்ட இருக்கு. ஃபோர்மேன் ப்ரமோஷன் லிஸ்ட்ல உங்க பேர் வேற." பேனா அந்தப் பட்டியலின் மேல் போய் நின்றது.

எலக்ட்ரீஷியன் மேலதிகாரிகள் முன்னால் எதிர்த்துச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

நூலகர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அறை அவளுக்கு, பழி அவருக்கு. சுலபமாக முடிந்துவிடும். அவள் எழுந்து நின்றாள்.

"சார், அவர் மேல தப்பில்ல. அச்சு மெஷினை சென்சாருக்குக் கீழ வெச்சது நான். அவர் பலகைல பாத்தது சரியான நம்பர். நான்தான் நம்பல. அந்த முப்பத்தொரு லெட்டரும் தப்பு. எல்லாத்தையும் இப்பவே வாபஸ் வாங்கிக்கறேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலாளர் மெதுவாகக் கேட்டார். "அப்ப ஒன்பது வருஷ கரண்ட்டை வீணாக்கினது நீங்கதான். உங்ககிட்டயே நான் அந்த ரூமைத் திருப்பிக் குடுக்கணும்?"

"ஆமா சார்." மேஜையில் இருந்த நோட்டைத் தொட்டுக் காட்டினாள். "முப்பதுன்னு சொன்னேன், இருபத்தஞ்சு காட்டியிருக்கேன். தப்பை மறைக்காமயும் சொல்லியிருக்கேன். மத்த நாலு மாடியிலயும் தப்பே இல்லைன்னு நினைக்கறீங்களா? அங்க இன்னும் யாரும் நோட்டு வெச்சுக்கிட்டு உக்காரல, அவ்வளவுதான். புத்தகத்தை விக்கறதுக்கு முன்னால அதைப் பாருங்க. நான் பாத்துத் தரேன்."

கதவுப் பக்கமிருந்து ஒரு செருமல். "சார், மேடம் ஒவ்வொரு லெட்டர்லயும் கடைசில 'நேரில் வந்து பார்க்கவும்'னு எழுதியிருப்பாங்க. நான் ஒரு தடவைகூட மாடி ஏறல. ஏறியிருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். பாதித் தப்பு என்னுது" என்றார் எலக்ட்ரீஷியன்.

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பை அடுத்தவர் தலையில் கட்டுகிறவர்களைத்தான் அவர் இத்தனை வருஷமும் பார்த்திருந்தார். இது அவருக்குப் புதுசு. பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், எந்தப் பேரையும் அடிக்கவில்லை. "நூலகம் அங்கயே இருக்கட்டும். நாளையிலிருந்து ரெண்டு பேரும் ஒவ்வொரு மாடியாப் பாருங்க" என்றார்.

படியில் இறங்கும்போது அவள் நின்றாள். "என்னை மன்னிச்சிடுங்க. மேல சபைல சொன்னது கம்பெனிக்கு. இது உங்களுக்கு."

"விடுங்க மேடம்." மூன்றாம் மாடி வந்தது. அவர் கீழே போகாமல் தயங்கினார். "அங்க திட்டுக்குப் பயந்து வரலன்னு நினைச்சிருப்பாங்க. உங்க திட்டு எனக்குப் பழகிப் போச்சு. காரணம் அதில்ல."

"பின்ன?"

"அது எஞ்சினியருங்க ரூம்னு நினைச்சிட்டிருந்தேன். எங்க ஆளுங்க உள்ள வரக்கூடாதுன்னு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு விதியும் கிடையாது. ஆனால் வரலாம் என்று அவளும் ஒரு நாளும் அடித்தளத்துக்குச் சொன்னதில்லை. பன்னிரண்டாயிரம் புத்தகங்களுக்காக மல்லுக்கு நின்றவளுக்கு இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் வெளியே நிற்பது தெரியவே இல்லை. அதற்காக அவள் வாயடைத்து நிற்கிற ஆளா என்ன?

"வாங்க உள்ள" என்று கதவைத் தள்ளினாள். "மோட்டார் பத்தி மட்டும் ரெண்டு அலமாரி இருக்கு. எதுல ஆரம்பிக்கறீங்க?"

அவர் செருப்பைக் கழற்றப் போனார்.

"அதெல்லாம் வேண்டாம், அப்படியே வாங்க" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது அடித்தளத்து ஆட்கள் ஆறு பேர் நூலக வாசலில் காத்துக்கொண்டு நின்றார்கள்.