மார்ச் மாதத்துக்கு ஒரு படம்

சுவிசேஷமுத்து பெரியப்பா ஒவ்வொரு வருஷமும் குடும்பத்துக்கென்று ஒரு காலண்டர் அடிப்பார். மாதத்துக்கு ஒரு வீடு. எந்த வீட்டுக்கு எந்த மாதம் என்பதில் அவரிடம் பேரமே கிடையாது. கல்யாணம் நடந்த மாதம்தான் அந்த வீட்டின் மாதம். ஒரே மாதத்தில் இரண்டு கல்யாணம் என்றால் பக்கத்தைப் பாதியாகப் பிரித்துவிடுவார். மேலே ஒரு பைபிள் வசனம், நடுவில் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்ட அப்பா, அம்மா, பிள்ளைகள், கீழே 'இன்னார் குடும்பம்' என்று பெயர், அதற்கும் கீழே தேதிகள். டிசம்பர் கடைசியில் சேலையூரிலிருந்து கிளம்பும் அந்தக் காலண்டர் நாசரேத், ஓசூர், தோஹா என்று சொந்தக்காரர்கள் இருக்கிற இடமெல்லாம் போய் ஆணியில் ஏறும்.

மார்ச்சுக்கு மட்டும் வீடு கிடையாது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் தபசு நாட்களில் அந்தக் குடும்பத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் மார்ச் பக்கத்தில் வருஷா வருஷம் சொந்த ஊர் தேவாலயத்தின் படம்தான்.

ஜெரூஷாவுக்கும் மாதம் கிடையாது. அப்பா அம்மா இருந்தவரை அவர்களுக்கு நடுவே ஜூலையில் நின்றாள். அம்மா போய், பின்னாலேயே அப்பாவும் போன பிறகு, ஜூலையில் கல்யாணம் பண்ணிக்கொண்ட சித்தப்பா மகனுக்கு அந்தப் பக்கம் போயிற்று. அதில் நியாயக் குறைவு ஒன்றும் இல்லை. போன வருஷம் பெரியப்பா தன் வீட்டுப் படத்தில் வந்து நிற்கச் சொன்னார். போனாள். அங்கே எல்லோரும் மெரூன் நிறத்தில் இருந்தார்கள். துணி எடுத்த அன்று அவளுக்குச் சொல்ல ஜென்சி மறந்துவிட்டிருந்தாள். ஜென்சி பெரியப்பாவின் மருமகள். காலண்டரைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வடிவமைப்பதும் அவள்தான். ஜெரூஷா நீலச் சுடிதாரில் ஓரமாக நின்றாள். காலண்டர் வந்தபோது பார்த்தால், பக்கத்து வீட்டிலிருந்து ஏதோ வாங்க வந்தவளை மரியாதைக்காக நிற்கவைத்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒரு மாதம் முழுக்க அவள் பார்க்கவேண்டியிருந்தது.

இந்த வருஷம் அவளே போன் செய்தாள். பத்து தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் செய்தாள்.

"பெரியப்பா, மார்ச் சும்மாதானே இருக்கு. அதை எனக்குக் குடுங்க."

"உனக்கா? நீதான் நம்ம படத்துல நிக்கிறியேம்மா."

"எங்க வீட்டுக்குக் கேக்குறேன்."

"உங்க வீட்ல யாரும்மா இருக்கா?"

"நான், பன்னு, சோடா."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு பெரியப்பா சிரித்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை.

"நாயை யாராவது காலண்டர்ல போடுவாங்களா?"

"வீட்ல இருக்கறவங்களைத்தானே பெரியப்பா போடுறீங்க."

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரி, அனுப்பு பார்ப்போம். மூணு முகமும் தெளிவா இருக்கணும். பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி வந்துடணும்."

பன்னு அப்பா வளர்த்த நாய். வெள்ளைப் பொமரேனியன், வயதாகி இடது கண்ணில் புரை விழுந்தது. சோடா தெருவில் கிடைத்தது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மழை நாளில் ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து அவள் பின்னாலேயே நடந்து வந்து, மாடிப் படியேறி, கதவுக்கு வெளியே சுருண்டு படுத்துக்கொண்டது. பன்னு அதைப் பார்த்து ஒரு தரம் குரைத்துவிட்டு, தன் கிண்ணத்தில் மிச்சம் வைத்தது. அன்றிலிருந்து இரண்டும் ஒரே சாக்கில் தூங்கின. சண்டை என்று ஒரு நாள் கிடையாது. ஜெரூஷா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலையில் இரண்டும் படிவரை வந்து வழியனுப்பும். சாயங்காலம் அதே படியில் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் பேச்சு என்று நடப்பது பெரும்பாலும் அந்தப் படியில்தான்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஜரிகைக் கரை போட்ட பச்சைத் துணி எடுத்தாள். அவளுக்குச் சுடிதார், மிச்சத்தில் நாய்களுக்கு இரண்டு அங்கி. தைக்கக் கொடுத்தது கீழ் வீட்டு நஃபீசா அக்காவிடம். அக்கா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சோடாவைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"இதுக்கு இடுப்பு எங்கம்மா ஆரம்பிக்குது?"

"தெரியலக்கா. குத்துமதிப்பா வைங்க."

"தலைக்குக் குல்லா வேணுமா?"

"கிறிஸ்மஸ் துணிதானே, வைங்க. அங்கியோடயே சேர்த்துத் தைச்சிடுங்க."

"வாலுக்கு வழி விடவா?"

ஜெரூஷா யோசித்தாள். "மூடியே இருக்கட்டும்க்கா. பார்க்க நீட்டா இருக்கும்."

"வாயில்லா ஜீவனுக்கு மாப்பிள்ளை டிரஸ்ஸு," என்றார் அக்கா. "போட்டுப் பார்த்து அளவு சொல்லு. இறுக்கிப் பிடிச்சா பிரிச்சுத் தரேன்."

போட்டுப் பார்த்திருக்கவேண்டும். ஆனால் அவர்கள் வீட்டில் கிறிஸ்மஸ் துணியை முன்னாலேயே போட்டுப் பார்க்கும் வழக்கம் இல்லை. மேசையில் வைத்து ஜெபம் பண்ணி, அதற்குரிய நேரத்தில்தான் முதல் தரம் உடம்பில் ஏறவேண்டும். அம்மா இருந்தவரை அப்படித்தான். ஜெரூஷா சுடிதாரையும் இரண்டு அங்கிகளையும் மேசையில் அடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மூன்று பேருக்காகவும் ஜெபம் பண்ணினாள். கஞ்சி மொடமொடப்பு மாறாமல் மடித்துப் பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சுடிதாரை மட்டும் உடுத்திக்கொண்டு, நாய்களோடு ஆட்டோ பிடித்தாள். டிரைவர் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாக்கா, டாக்டராண்டயா?"

"இல்ல, போட்டோ எடுக்க."

"நாய்ங்களுக்கா? என் கல்யாணத்துக்கே நான் ஸ்டூடியோ போவல," என்றார். வண்டலூர் மேம்பாலம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

ஸ்டூடியோ மேற்குத் தாம்பரத்தில் ஒரு சந்தில் இருந்தது. அயூப் பாய் பாஸ்போர்ட் போட்டோவும் காதுகுத்துக் கவரேஜும் செய்பவர். முன்கூட்டியே பேசியிருந்ததால் தரையில் வெள்ளைப் பேப்பர் விரித்து, பின்னால் பனி மலை படுதா இறக்கியிருந்தார். நாய்களைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அசர் தொழுகைக்குப் போவணும். நக்கிச்சுன்னா குளிச்சு, சட்டை மாத்திக்கினு வரணும்."

"பிடிச்சுக்கிறேன் பாய்."

"முதல்ல நீங்க மட்டும் நடுவுல உக்காருங்க. லைட்டு பார்த்துக்குறேன். ரெண்டு பக்கமும் எடம் விட்டு. ஆங், அப்படியே. கொஞ்சம் சிரிங்க. பரிட்சை எழுதற மாதிரி கீது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

பிறகு நாய்களை ஆளுக்கொரு மூலையில் கட்டி, ஒவ்வொன்றாக அங்கி மாட்டினாள். பன்னு முதலில். குல்லாவுக்குள் காது இரண்டும் மடங்கிப் போயின. வால் துணிக்கடியில் போனது. நடக்கச் சொன்னால் மரக்குதிரை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அடுத்து சோடா. அதுவும் அப்படியே நின்றது. இரண்டையும் பிடித்துக்கொண்டு வந்து வெள்ளைப் பேப்பரில் எதிரெதிராக உட்காரவைத்தாள்.

"அப்டியே பிடிங்க மேடம். ஒன், டூ..."

சோடாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டு வருஷத்தில் அவள் கேட்டிராத சத்தம். எதிரே இருப்பது யார் என்று அதற்குத் தெரியவில்லை. விறைத்த பச்சை உருவம் ஒன்று, காது இல்லை, வால் இல்லை, கஞ்சி நாற்றம். பன்னு புரை விழுந்த கண்ணோடு ஓரடி முன்னால் வந்தது. அவ்வளவுதான். இரண்டும் ஒரே பந்தாகச் சுருண்டன. விளக்கு சாய்ந்தது. பனி மலை பாதியில் கிழிந்து இறங்கியது. அயூப் பாய் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, "மேடம் கைய வுடாதீங்க, கைய உள்ள வுடாதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெரூஷா குனிந்து கையை உள்ளேதான் விட்டாள். அவர் கையிலிருந்த கேமரா ஒரு தரம் பளிச்சென்றது.

பிரித்து முடித்தபோது பன்னுவின் காது நுனி கிழிந்திருந்தது. அவள் வலது கையில் நாலு பல் இறங்கியிருந்தது. எந்த நாயின் பல் என்று தெரியவில்லை. வெள்ளைப் பேப்பரில் ரத்தம் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். வேலையில் தினமும் பார்ப்பதுதான். ஆனால் அதெல்லாம் குப்பிக்குள் இருக்கும்.

அங்கிகளைக் கழற்றினாள். கழற்றியதும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"நீங்க போய் ஊசி போட்டுக்கினு வாங்க," என்றார் அயூப் பாய். ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டிருந்தார். "இதுங்கள நான் பார்த்துக்கிறேன். ஒண்ணை முன்னாடி, ஒண்ணைப் பின்னாடி கட்றேன். தொழுகைக்கு எப்படியும் குளிச்சுதான் போவணும், வுடுங்க."

அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்குத் தனி வரிசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் நீளமாக இருந்தது. எல்லோரும் யாரோடாவது வந்திருந்தார்கள். கடிபட்டவர் ஒருவர் என்றால் கதை சொல்ல இரண்டு பேர். ஜெரூஷாவின் முறை வந்தபோது நர்ஸ் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"தெரு நாயா, வீட்டு நாயா?"

"எங்க வீட்டு நாய்தான்."

"தடுப்பூசி போட்டிருக்கா?"

"ரெண்டுக்கும் போட்டிருக்கு."

"ரெண்டு கடிச்சுதா?"

"ரெண்டுல ஒண்ணு. தெரியல."

நர்ஸ் இப்போது தலையைத் தூக்கினார். பச்சைச் சுடிதாரையும் ஜரிகையையும் பார்த்தார். "கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்ல."

"ஊசி போட்டு மயக்கம் கியக்கம் வந்தா யாருக்குச் சொல்றது? ஒரு நம்பர் குடும்மா."

ஜெரூஷா போனைத் திறந்தாள். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குவார். ஜென்சிக்குக் கைக்குழந்தை. நஃபீசா அக்கா பல்லாவரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். விரல் ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் நின்று நகர்ந்தது. கடைசியில் பர்ஸிலிருந்து ஸ்டூடியோ விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினாள்.

"இவரு என்ன வேணும்?"

"போட்டோகிராபர்."

"உறவு கேக்குறேம்மா."

"நாய்ங்க அவர்கிட்டதான் இருக்கு," என்றாள். நர்ஸ் நம்பரை எழுதிக்கொண்டார்.

மயக்கம் வரவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்ன நேரத்தில்தான் அவளுக்கு அது புரிந்தது. நாய்களுக்குக் காதும் வாலும்தான் பேச்சு. இரண்டையும் துணி போட்டு மூடிவிட்டு, எதிரெதிரே உட்காரவைத்து, ஒரே குடும்பமாகச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து, பன்னுவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி மருந்து போட்டுக்கொண்டு வீடு சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. சோடாவைச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். பன்னு ஹாலில் படுத்தது. போனில் அயூப் பாய் இரண்டு படம் அனுப்பியிருந்தார். கிழிந்த படுதாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடது கையாலேயே இரண்டையும் ஜென்சிக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் ஜென்சி கூப்பிட்டாள்.

"மதினி, முதல் படம் என்ன அழகா இருக்கு. நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. இதையே போட்டுடுறேன்."

முதல் படம் விளக்கு சரிபார்க்க எடுத்தது. நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளையாக இடம் இருந்தது. சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது.

"ரெண்டாவது?"

"அதுல யார் முகமும் தெரியலையே மதினி. உங்க முதுகுதான் தெரியுது. கீழ ஏதோ பச்சையா ஆடியிருக்கு. நாய்ங்களை வேணா கூகுள்ல ரெண்டு எடுத்து ஒட்டிடவா? யாருக்குத் தெரியப்போவுது?"

"வேண்டாம் ஜென்சி."

"அப்போ உங்களைத் தனியாவே போட்டுடுறேன். பக்கத்துல இருக்கற காலி இடத்தை வெட்டிடலாம். கீழ 'குடும்பம்'னு வராது, பேர் மட்டும் போடறேன். சரியா?"

"சரி," என்றாள் ஜெரூஷா. எதற்கும் அப்படிச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

போனை வைத்துவிட்டுப் படத்தைத் திரும்பப் பார்த்தாள். மார்ச் பூராவும் எல்லா வீட்டுச் சுவரிலும் இது தொங்கும். ஏப்ரல் குடும்பத்துக்கும் பிப்ரவரி குடும்பத்துக்கும் நடுவில். வருகிறவர்கள் கேட்பார்கள். வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். என்ன சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பாவம் என்பதைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை.

பெரியப்பாவின் நம்பரை அழுத்தினாள். நடந்ததைச் சொன்னாள். அவர் முதலில் ஊசியைப் பற்றிக் கேட்டார். மீதி ஊசிகளை மறக்காமல் போடச் சொன்னார். "ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா," என்றார். பண்ணியிருக்கலாம்தான்.

"பெரியப்பா, அந்த ரெண்டாவது படத்தைப் போடுங்க."

"நானும் பார்த்தேன். நாய்ச் சண்டைப் படத்தைத் தபசு நாள்ல போட்டு, மேல வசனத்தையும் எழுதினா நல்லாவா இருக்கும்? நீ தனியா இருக்கிற படம் லட்சணமா இருக்கு. அதைப் போடுவோம்."

"அப்போ சர்ச் படமே இருக்கட்டும் பெரியப்பா."

"கேட்டு வாங்கினியேம்மா மார்ச்சை."

"ஆமா. ஆனா தனியா வேண்டாம்."

"அப்ப அடுத்த ஞாயிறு இங்க வா. நம்ம படத்துல நில்லு. இந்தத் தடவை துணியை நானே எடுத்து அனுப்புறேன். ஜென்சியை நம்பவேண்டாம்."

நல்ல மனசோடுதான் கூப்பிட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இல்ல பெரியப்பா. நாங்க வரல."

வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. சமையலறைக் கதவுக்கு அடியில் சோடாவின் மூக்கு தெரிந்தது. பன்னு எழுந்து வந்து, கட்டுப் போட்ட காதோடு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றது. அது உறுமுகிறதா, முகர்கிறதா என்று சரியாகத் தெரியவில்லை. கதவைத் திறந்துவிடலாமா, இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கலாமா என்று ஜெரூஷாவுக்குச் சொல்ல ஆள் இல்லை. வலிக்காத கையைத் தாழ்ப்பாளில் வைத்துக்கொண்டு, கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.