பகுதி பகுதியாக அனுப்பலாம்

ஜெயந்திரனின் இருமல் கிள்ளானை அடுத்த பண்டமாரானுக்கு வந்து சேர்ந்தது இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே கால் மணிக்கு. அந்த வாரம் பாசாரில் தக்காளி கிலோ ஐந்து ரிங்கிட் எண்பது சென் விற்றது. குமுதா அடுக்களையில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். முதலில் இரண்டு சின்ன இருமல், கொஞ்சம் இடைவெளி, பிறகு நெஞ்சின் அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் ஒரு பெரிய இருமல். பதினைந்து வருடம் கப்பலின் எஞ்சின் அறையில் புகை குடித்தவனுக்குத்தான் அப்படி வரும். அவள் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. சாவகச்சேரியில் இருந்த ஜெயந்திரனுக்கு ஃபோன் போட்டு, இப்போது இருமினீர்களா என்று கேட்டாள். விடிந்ததிலிருந்து இருமலே இல்லை, நெஞ்சைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கிறது என்றான். இரண்டு நாள் கழித்து விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவனுக்காக அவள் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது.

குமுதா துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் பல வருடமாகக் கிளார்க். எந்தக் கண்டெய்னரையும் மூன்று நாளில் வெளியே எடுத்துவிடுவாள் என்று அந்த வட்டாரத்தில் பெயர் வாங்கியவள். இரண்டாயிரத்துப் பதினெட்டில் ஜெயந்திரன் வேலை பார்த்த கப்பலின் முதலாளி எங்கோ திவாலாகிப்போக, கப்பல் துறைமுகத்துக்கு வெளியே பதினோரு வாரம் நங்கூரம் போட்டுக் கிடந்தது. தாள்களில் கையெழுத்து வாங்கப் படகேறிப் போனவள் அவள்தான். ஒன்பதாம் வாரத்தில் வாங்க வேண்டிய கையெழுத்து ஒன்றும் பாக்கி இல்லை, ஆனாலும் போனாள். மறுவருடம் விமானம் ஏறி யாழ்ப்பாணம் போய், சாவகச்சேரிப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு திரும்பினாள். பதிவைக் கிள்ளானில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இங்குள்ள நம்மவர்களுக்குக் கல்யாணம் எப்போதும் இரண்டுதான். தாலி ஒரு நாள், பதிவு ஒரு நாள், நடுவில் மாதங்கள்கூட ஓடும். எது முன்னே எது பின்னே என்று யாரும் அலட்டிக்கொள்வதில்லை. விசா விண்ணப்பப் பாரம் அலட்டிக்கொண்டது. பதிவுத் தாள் இல்லாததால், விண்ணப்பிப்பவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் அவள் 'நண்பர்' என்று எழுத வேண்டியதாயிற்று. தாலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுத்தான் அதை எழுதினாள்.

இருமல் மட்டும் தனியாக வந்ததற்குக் காரணமான பிழை அங்கே நடக்கவில்லை. பாரத்தோடு வைக்க ஒரு கடிதம் வேண்டியிருந்தது. ஆபீசில் சரக்குக்கு எழுதும் கடிதத்தையே திறந்து, பொருளின் பெயர் இருந்த இடத்தில் ஜெயந்திரனின் பெயரைப் போட்டாள். அந்தக் கடிதத்தின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: முழுவதும் ஒரே தடவையில் வர முடியாவிட்டால், பகுதி பகுதியாக அனுப்பலாம். வருடக்கணக்காகத் தினமும் அவள் கண்முன்னால் இருந்த வரி, அதனாலேயே அவள் கண்ணில் பட்டதில்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் யாரும் செய்யக்கூடிய பிழைதான் அது.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் விசா ஏஜெண்ட் முகுந்தனின் அறை இருந்தது. குமுதா கொமூட்டர் ரயில் பிடித்து, சாம்பார் வாசனையோடு படியேறிப் போனாள். முகுந்தனுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். ஊரார் காத்திருப்பையெல்லாம் தன் தலையில் சுமந்ததில் ஐம்பது என்று சொல்லலாம். கடிதத்தைப் படித்தவன் கடைசி வரியில் விரலை வைத்தான்.

"அக்கா, இத நீங்களா போட்டீங்க?"

"பழக்கத்துல வந்திருச்சு தம்பி."

"அவுங்களும் பழக்கத்துல பாஸ் பண்ணிட்டாங்க லா. ஆள் ரிஜெக்ட், பகுதி அப்ரூவ். காஜாங்ல ஒரு அக்காவுக்கு வீட்டுக்காரரோட கோபம் மட்டும் வந்து எறங்குச்சு. ஒங்களுக்கு இருமல்தானே, பரவால்ல."

அடுத்த விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அவன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவள் வீடு திரும்பிய மறுமாதம் ஊர் அடங்கியது. நோய் வந்து எல்லைகளை மூடினார்கள், கவுண்டர்களை மூடினார்கள். தும்மினாலே திரும்பிப் பார்த்த அந்தக் காலத்தில், தனியாக வாழும் ஒரு பெண்ணின் வீட்டில் தினமும் காலையில் ஓர் ஆண் இருமினால் அண்டை வீட்டார் சும்மா இருப்பார்களா? பக்கத்து வீட்டு நேசம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு நோயும் பயம், ஒழுக்கமும் பயம். அவள்தான் புகார் கொடுத்தாள். முழுக்கவசம் அணிந்த இருவர் வந்து, குமுதாவின் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு, இருமலுக்கு மூக்கு இல்லாததால் அதைச் சோதிக்க வழியில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பின் இரண்டு வருடம் அந்த வீட்டில் குமுதாவும் இருமலும் மட்டும் இருந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த இருமல் இல்லாமல் அந்த இரண்டு வருடத்தை அவள் தாண்டியிருக்க மாட்டாள்.

எல்லை திறந்ததும் இரண்டாவது விண்ணப்பம் போட்டாள். இம்முறை வரியை வேண்டுமென்றே விட்டுவைத்தாள். ஆள் நிராகரிக்கப்பட்டான், பசி வந்தது. அவள் ஒருத்திக்கு வடித்த சோறு பானையில் பாதியாகக் குறைந்தது. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று முக்கால் பங்கு போயிற்று. அதிலிருந்து இரண்டு பேருக்குச் சமைத்தாள். மூன்றாவது விண்ணப்பத்தில் குரல் வந்தது. அன்றிலிருந்து ஃபோனில் அவன் பக்கம் ஓசையே இல்லை. சாவகச்சேரியில் அவன் வாயசைத்தால் பண்டமாரான் அடுக்களையில் சத்தம் வரும். சந்தையில் நின்று அறக்குளா மீனுக்கு அவன் விலை கேட்டான். மீன்காரிக்கு ஒன்றும் கேட்கவில்லை, குமுதாவுக்குக் கேட்டது. அவன் சட்டைப்பையில் துண்டுச் சீட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளப் பழகினான். ஆனால் இரவில் படுக்கும் முன் அவளோடு பேசுவதற்காகவே தனியாக வாயசைப்பான். அவள் பேசுவதை ஃபோனில் கேட்டுக்கொள்வான். அப்படி ஒரு வருடம் ஓடியது.

அங்கே என்ன மிஞ்சுகிறது என்பதை அவனுடைய தங்கை அனுப்பிய படத்தில்தான் குமுதா பார்த்தாள். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும் போலிருந்தது. பசி இல்லாதவன் மணி பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அதையும் மறந்துவிடுகிறான் என்று தங்கை எழுதியிருந்தாள். ஒரு மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாக நான் திருடிக்கொண்டிருக்கிறேனோ என்று குமுதா நினைத்தாள். இப்படியே போனால் என்றாவது விசா கிடைக்கும்போது பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு வர அங்கே ஆள் இருப்பானா? நான்காவது விண்ணப்பத்தில் அந்த வரியை அழித்தாள். நிராகரிப்புக் கடிதம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. நடந்ததை அவள் ஃபோனில் அவனிடம் சொன்னாள். அடுக்களையில் குரல் வந்தது.

"ஏன் அந்த வரிய எடுத்தனீர்? நான் இஞ்ச முழுசா இருந்து என்ன செய்யிறது? வரக்கூடியது வரட்டுமப்பா."

அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. அலுவலகத்துக்கு அரை நாள் லீவு, புகைப்படம், வங்கித் தாள், வீட்டு வாடகைத் தாள், எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கு முத்திரை, வரிசை எண். வரியைத் திரும்பவும் சேர்த்து ஐந்தாவதைப் போட்டாள். எந்தப் பகுதி வருமோ என்று மூன்று வாரம் வீட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். ஒன்றும் வரவில்லை. கடிதத்தில் ஆளுக்கே அனுமதி வந்திருந்தது. முப்பது நாள்.

விமான நிலையத்தில் மிச்சம் எல்லாம் வந்து இறங்கியது: கண்கள், கைகள், நெற்றியில் பழைய தழும்பு, தோளில் ஒரு பை, பை நிறையப் பனங்கட்டி. குமுதா அவன் கையைப் பிடித்தாள். ஆறு வருடம் கழித்து அந்தக் கை சூடாக இருந்தது, அவள் அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்தால் எல்லாம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று இருவரும் எண்ணியிருந்தார்கள். ஒட்டவில்லை. அவன் முன்னறையில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். "வீடு நல்லாத்தான் இருக்கு" என்று அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது. சோறு பானையிலேயே குறைந்தது; அவள் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவான். காலையில் அவன் தூங்கும்போதே இருமல் எழுந்துவிடும். மூன்றாம் நாளே இருவருக்கும் அது பழகிப்போயிற்று. பேச வேண்டுமானால் அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆனால் பதிவை இந்த முப்பது நாளுக்குள் முடித்துவிட வேண்டும். முடித்தால் அவன் கணவன். நீண்ட நாள் தங்கக் கேட்கலாம், வரிசை வேறு, பாரம் வேறு. முடிக்காவிட்டால் அவன் திரும்பவும் நண்பர். அவன் வந்த மறுநாளே மனுக் கொடுத்திருந்தார்கள். இருபத்தேழாம் நாளுக்குத் தேதி கிடைத்தது. பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மாள் நல்ல மனுஷி. சம்மதமா என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டார். குமுதா சம்மதம் என்றாள். ஜெயந்திரன் வாயைத் திறந்து சொன்னான். அறையில் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டை வறண்டிருக்கும் என்று அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார். இரண்டாம் தடவை சொன்னான், மூன்றாம் தடவை கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னான். சீட்டில் எழுதி நீட்டினான். வாயால் சொல்ல வேண்டும், பேச முடியாதவர் என்றால் டாக்டர் கடிதம் வேண்டும் என்றார் அந்த அம்மாள், மிகவும் வருத்தப்பட்டு. நேராகக் கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஆரோக்கியமான தொண்டையை இந்த மாதத்தில் பார்க்கவில்லை, ஊமை என்று எழுத முடியாது என்றார். அடுத்த தேதி முப்பது நாளுக்கு அப்பால் இருந்தது.

வெயில் தாழ வீடு திரும்பியபோது நேசம்மா வாசல் கேட்டிலேயே நின்றிருந்தாள். ஊரடங்குக்குப் பிறகு ஒரு மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது. இருமலோடு அவள் சமாதானம் ஆகி வெகுகாலம் ஆயிற்று. ஆனால் ஜெயந்திரனை 'அந்த ஆளு' என்பதற்கு மேல் அவள் அழைத்ததில்லை.

"மழ வர மாதிரி இருந்துச்சு, ஜன்னல் சாத்தப் போனேன்," என்றாள். "பதினொன்னு பத்து இருக்கும். அடுப்பு பக்கத்துலேருந்து சம்மதம்னு சொன்னாரு. மொதல்ல சாதாரணமா. அப்புறம் சத்தமா. மூணாவது தடவ அழுவுற மாதிரி சொன்னாரு, குமுதா. நான் கேட்டேன். எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன்."

ஜெயந்திரன் அவளைக் கும்பிட்டான். அடுக்களையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது வாசல் வரை கேட்டது.

முப்பதாம் நாள் அவன் போனான். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் பிறகு எப்போதும் வர முடியாது என்று முகுந்தன் எச்சரித்திருந்தான். குமுதா விமான நிலையத்திலிருந்து தனியாக வந்து, விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அவன் பக்கத்திலேயே கிடந்த இருமலும் பசியும் குரலும் அவனோடு சேர்ந்து போயிருக்குமோ என்ற பயம் அவளுக்கு. காது கொடுக்கவே பயந்தாள். உட்கார்ந்தபடியே தூங்கியும்விட்டாள். காலை ஆறே காலுக்கு இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல். அவள் எழுந்து இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.

அடுத்த மாதம் ஆறாவது விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் படியேறினாள். முகுந்தன் புரட்டிப் பார்த்தான். உறவு என்ற கட்டத்தில் 'கணவர்' என்று எழுதியிருந்தது.

"அக்கா, பதிவு பேப்பர் இல்லாம இப்படிப் போட்டா கண்டிப்பா ரிஜெக்ட் லா."

"ஆவட்டும். சாட்சி இருக்கு."

அவன் கடைசி வரியைப் பார்த்தான், அது இருந்தது. இந்தத் தடவை என்ன வரும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டான். கை வந்தால் நல்லது என்றாள் குமுதா. அவன் தாள்களை நேராகத் தட்டி, கிளிப் போட்டு வைத்தான்.

அவள் வீடு திரும்பும்போது நேசம்மா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டு, ஒங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாரா என்று கேட்டாள். காலையிலேயே பானை காலி என்றாள் குமுதா. திறந்திருந்த அடுக்களை ஜன்னல் வழியாக ஜெயந்திரனின் குரல் வந்தது. சீட்டில் எழுதிக் காட்டினாலும் வாயசைக்கும் பழக்கம் அவனை விடவில்லை.

"அறக்குளா கிலோ மூவாயிரமோ? கூடவெல்லோ!"

"இங்க மட்டும் என்னவாம், நாப்பத்தஞ்சு வெள்ளி," என்று நேசம்மா ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த துணியை உதறினாள்.