ஆர் ஓட்டினது?

பதினெட்டு வயது முடிந்த இரண்டாம் மாதமே ஷஃபீனா கார் ஓட்டும் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டாள். பாலாவிச் சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்த அவளுடைய வாப்பா அபூசாலி, அவள் ஃபெயிலாக வேண்டும் என்று மூன்று நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு துஆக் கேட்டிருந்தார். பெற்ற பிள்ளைக்கு எதிராக எந்தத் தகப்பன் கை ஏந்துவான்? அவர் ஏந்தினார். அது கபூலாகவில்லை.

அவருடைய மனைவி ரம்ஸியா எத்தாளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். இரண்டு பஸ் மாறி, பாதித் தூரம் நின்றுகொண்டே போய் வருவதில் அவளுக்கு முழங்கால் வீங்கிப் போயிருந்தது. கட்டாருக்குப் போன அவள் தம்பி தன் சின்னக் காரை இவர்கள் முற்றத்தில் விட்டுப் போயிருந்தான். கார் இருக்கிறது, ஓட்ட மகள் இருக்கிறாள், இனி எனக்கென்ன என்று ரம்ஸியா அக்கம்பக்கமெல்லாம் சொல்லித் திரிந்தாள். அபூசாலி ஒரு காலத்தில் உப்பு லொறி ஓட்டியவர்தான். ஆனால் இடுப்பை நிமிர்த்த முடியாத நாரிப் பிடிப்பு என்று சொல்லி லொறியை விட்டு இறங்கிப் பதினேழு வருஷமாகிறது. அதன் பிறகு ஒரு ஸ்டியரிங்கையும் அவர் தொட்டதில்லை. நாரிக்கென்று ரம்ஸியா காய்ச்சிக் கொடுத்த எண்ணெய்க்கு அளவில்லை. அவர் நாரியில் ஒரு குறையும் இல்லை என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும்.

நடந்தது இதுதான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய சனத்தோடு வந்தவர் அபூசாலி. அகதி முகாமிலேயே கல்யாணம் முடித்தார். பிறகு ஒரு முதலாளியின் லொறியில் பாலாவியிலிருந்து சிலாபத்துக்கு உப்பு ஏற்றினார். தொண்ணூற்றாறு மார்கழியில் ஒரு நாள் பின்னேரம், கண்ணாடியை மறைக்கும் மழை. உடப்புக்குப் பிரிகிற சந்திக்கு இப்பால் உள்ள வளைவில் ஒரு கறுப்புக் குடை திடீரென்று முன்னால் வந்தது. மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. கால் பிரேக்குக்குப் போனது, பிறகு எழும்பிவிட்டது. இறங்கினால் சனம் அடித்தே கொன்றுவிடும் என்று நினைத்தார். பொலிஸ் வந்தால் அடையாள அட்டையில் மன்னார் என்று இருப்பதைப் பார்த்து என்னென்ன கேட்பார்களோ என்று நினைத்தார். வீட்டில் எட்டு மாதக் குழந்தையாக ஷஃபீனா கிடந்தாள். அவர் நிற்கவில்லை. சிலாபத்தில் உப்பை இறக்கிவிட்டு, ஆறு மணித்தியாலம் அங்கேயே மினைக்கெட்டு, வேறு பாதையால் சுற்றி வந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் சந்தியில் யாராவது பேப்பர் வாசித்தால் எழும்பிப் போய்விடுவார்.

ஆகவே மகள் அடிபட்டு விடுவாளோ என்பது மட்டுமல்ல அவருடைய பயம். தான் செய்ததற்கான கூலி எங்கேயோ றோட்டில் காத்துக்கொண்டு நிற்கிறது, மகள் ஓட்டத் தொடங்கிய அன்று அது அவள் மேல் இறங்கும் என்று அவர் நம்பினார். போதாததற்கு ரம்ஸியாவும் அதே காரில் ஏறப் போகிறாள். அவருக்கென்று உலகத்தில் இருந்த இரண்டு பேரும் ஒரே காரில்.

முதல் வாரம் தானும் கூட வருவேன் என்று நின்றார் அபூசாலி. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுக் காலையில் முன்சீட்டில் ஏறுவார். ஷஃபீனா நல்லாகத்தான் ஓட்டினாள். லொறி எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்தாள். மாடு நின்றால் நின்றாள். ஆனாலும் ஆறு மணி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்தும்போதெல்லாம் அபூசாலியின் கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை வாப்பா என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கடைக்குத் திரும்பிய பிறகும் சீனி நிறுக்கும்போது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை ரம்ஸியாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு இருவரும் திரும்பி வந்தார்கள். றோட்டின் இரு பக்கமும் வெங்காயத் தோட்டங்கள். கேரியரில் மீன்பெட்டி கட்டிய ஒரு சைக்கிள் காருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த பஸ்ஸை ஒரு டிப்பர் லொறி முந்திக்கொண்டு நேரே இவர்களை நோக்கி வந்தது. ஷஃபீனா காரை இடது பக்கம் ஒடித்தாள். டிப்பர் காற்றை அடித்துக்கொண்டு போய்விட்டது. இடதுபக்கக் கண்ணாடி எதிலோ பட்டு உடைந்த சத்தம் கேட்டது. அபூசாலியின் பக்கம்தான். சைக்கிளும் ஆளும் மீன்பெட்டியும் மணலில் சாய்வதை அவர் கண்ணால் கண்டார்.

"நிப்பாட்டாத மகள். போ."

அவருடைய வாயிலிருந்துதான் அது வந்தது.

"வாப்பா, ஆள் விழுந்திட்டார்."

"போ என்டு சொன்னேன். பின்னால பாக்காத."

அவள் நிறுத்தினாள். அவரை ஒரு முறை பார்த்தாள், பயந்த பார்வைதான், ஆனால் அந்தப் பயம் டிப்பரைப் பார்த்த பயம் அல்ல. கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

அபூசாலி சீட்டிலேயே இருந்தார். உள்கண்ணாடியில் தோட்டங்களிலிருந்து சனம் ஓடி வருவது தெரிந்தது. முதலில் மூன்று பேர், பிறகு ஏழெட்டுப் பேர். ஒருவன் கையில் மண்வெட்டி. நடுவில் மகளின் வெள்ளைப் பர்தா. அவளை அடிக்கப் போகிறார்கள் என்ற நினைப்புதான் கடைசியில் அவரை வெளியே தள்ளியது. செருப்பு ஒன்று காருக்குள்ளேயே கிடக்க ஓடினார்.

விழுந்தவருக்கு அறுபது வயதிருக்கும். நெற்றி பிளந்து இரத்தம் தாடியில் வழிந்திருந்தது. கண் மூடியிருந்தது. ஷஃபீனா மணலில் முழங்காலிட்டு, நெய்னார் மாமா, நெய்னார் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற யாரோ அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். மண்வெட்டிக்காரன் அவர்களை மறித்துக்கொண்டு நின்றான்.

"ஆர் ஓட்டினது?"

"நான்," என்றார் அபூசாலி. யோசிக்க முன்பே சொல்லிவிட்டார். தன்னிடம் மிஞ்சியிருந்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று அந்த நேரம் அவருக்குப் பட்டது.

"இல்ல," என்றாள் ஷஃபீனா, தலையைத் தூக்காமல். "நான்தான் ஓட்டினது. வாப்பா பக்கத்தில இருந்தவர்."

பொம்பிளைப் பிள்ளையிடம் காரைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவன் ஏசினான். இன்னொருவன் போய்க் கார்ச் சாவியை உருவிக்கொண்டு வந்தான். வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், கத்தரினா என்று பெயர், மண் படிந்த கையைச் சீலையில் துடைத்துவிட்டு நெய்னாரின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். சண்டையைப் பிறகு பிடியுங்கள், மனிசன் செத்துப் போவான் என்றாள். ஆளைக் காருக்குள் ஏற்றினார்கள், கத்தரினாவும் கூடவே ஏறினாள். சாவியை வைத்திருந்தவன் அபூசாலியிடம் அதை நீட்டினான். அபூசாலி வாங்கினார், கதவுவரை போனார், ஸ்டியரிங்கைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"அந்தப் புள்ளைட்ட குடுங்க," என்றாள் கத்தரினா பின்சீட்டிலிருந்து. "நிண்ட புள்ள அது. அதுவே ஓட்டட்டும்."

புத்தளத்து ஆஸ்பத்திரிக்கு ஷஃபீனாதான் ஓட்டினாள். நெய்னார் இடையிடையே முனகினார். முனகல் நிற்கும்போதெல்லாம் ஷஃபீனாவின் கண் உள்கண்ணாடிக்குப் போனது. அபூசாலி கலிமாவைச் சொல்லிக்கொண்டேயிருந்தார், யாருக்காக என்று அவருக்கே தெரியவில்லை.

தலையைப் படம் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். தகப்பனும் மகளும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய பர்தா முழுக்க மீன்வாடையும் இரத்தமும். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவள் கேட்டாள்.

"ஏன் வாப்பா போகச் சொன்னீங்க?"

அபூசாலி சொன்னார். மழையையும் குடையையும் சத்தத்தையும் சொன்னார். சுற்றி வந்த பாதையையும், நாரிப் பிடிப்பு பொய் என்பதையும் சொன்னார். முடித்ததும் அவள் கேட்டாள்.

"ஆம்புளையா, பொம்புளையா?"

"தெரியாது மகள். நான் திரும்பிப் பாக்கல்ல."

அவள் வாங்கின் மறு முனைக்கு நகர்ந்து இருந்தாள்.

லுஹர் தொழுகை நேரம் செய்தி வந்தது. மூளையில் இரத்தக் கசிவு இல்லை. காறை எலும்பு முறிந்திருந்தது. நெற்றியில் பதினொரு தையல். நெய்னார் கண் திறந்து, மீன்பெட்டி எங்கே என்று கேட்டாராம். பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தபோது ஷஃபீனா நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்து வைத்தாள். தப்பு டிப்பர்க்காரனில் என்று நெய்னாரும் கத்தரினாவும் சொன்னார்கள். டிப்பரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. நீதிமன்றம் எச்சரித்து விட்டதோடு அந்த வழக்கு பிறகு முடிந்தது.

வீட்டில் முடியவில்லை. ஷஃபீனா வாப்பாவுக்குச் சோறு போட்டாள், தேத்தண்ணி வைத்தாள், கதைக்க மட்டும் இல்லை. பயந்துபோய் விட்டது பிள்ளை என்று ரம்ஸியா ஓதித் தண்ணீர் கொடுத்தாள். மகள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று அபூசாலி ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் நடுங்கினார். பதினேழு வருஷம் தனியே சுமந்ததை விட இந்த ஒன்பது நாள் பாரமாக இருந்தது. பத்தாம் நாள், சனிக்கிழமை, அவள் புதுக் கண்ணாடி பூட்டிய காரின் சாவியோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"வாங்க வாப்பா. போய் விசாரிப்பம்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. மதுரங்குளி தாண்டி, முந்தல் தாண்டிப் போனார்கள். வளைவை அவர் கை நீட்டிக் காட்டினார். இப்போது அங்கே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்காரர் முதியவர், பிறந்ததிலிருந்தே அந்த ஊர்க்காரர். தொண்ணூற்றாறில் இந்த இடத்தில் லொறி அடித்த ஆள் யாரும் உண்டா என்று அபூசாலி கேட்டார்.

கடைக்காரர் தேத்தண்ணிச் சாயத்தை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அந்த வருசமா? அப்ப றோட்டு இதை விட ஒடுக்கம். மூண்டு பேருக்கு அடிபட்டது. ஒரு பொம்பிளைக்குக் கால் போனது, மகன்ட வீட்டுக்குப் போய்ட்டா, எங்க என்டு தெரியா. ஒரு பொடியன் சுகப்பட்டுட்டான். மற்றவர் பள்ளிக்கூடத்து வாத்தியார், அந்த இடத்திலயே செத்துப் போனார். நீங்க ஆரை விசாரிக்கிறீங்க?"

மழை நாள் என்றார் அபூசாலி. குடை என்றார். மார்கழி என்றார். மழைக் காலத்தில் எல்லாரிடமும் குடை இருந்தது, மாதமெல்லாம் யாருக்கு ஞாபகம் என்றார் கடைக்காரர். எதற்குக் கேட்கிறீர்கள் என்று பிறகு அவரே கேட்டார். ஷஃபீனா வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"அந்த லொறிய ஓட்டினது நான்."

கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தினார். பிறகு, வாத்தியாருடைய மனைவி கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீட்டில்தான் இன்னும் இருக்கிறா, நான் வந்து காட்ட மாட்டேன், நீங்களே போங்கள் என்றார். தேத்தண்ணியை அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

வெளியே வந்து காரில் ஏறினார்கள். அந்த வீட்டில் என்ன சொல்வது, அது தான்தானா என்றுகூடத் தெரியாமல் எப்படிச் சொல்வது, அங்கே மகன்மார் இருந்தால் என்ன செய்வார்கள், ரம்ஸியாவுக்கு யார் சொல்வது என்று அபூசாலி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். ஷஃபீனா சாவியைத் திருகினாள்.

"நானும் உங்களோட இறங்குறன் வாப்பா," என்றாள்.

காரைக் கோயில் ஒழுங்கைக்குள் திருப்பினாள். ஆள் நடந்து போகிற வேகத்தில்தான் ஓட்டினாள். மூன்றாவது வீட்டு வேலிக்குப் பக்கத்தில் ஒரு கிழவி வலைத்துண்டை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். கார்ச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அபூசாலி கதவைத் திறந்தார்.