முதல் கட்டுக் கீரை

ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டால், சனிக்கிழமைதோறும் மருந்தடிக்காத காய்கறி வீட்டுக்கே வரும் என்றார்கள். கறம்பக்குடிப் பக்கம் சொந்தப் பண்ணை. முதலாளி அரவிந்த்குமார், வெளிநாட்டு வேலையை உதறிவிட்டு மண்ணுக்குத் திரும்பியவராம். மண்வெட்டியோடு அவர் நிற்கும் போட்டோவில் வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் பணமும் கட்டினேன்.

நான் மட்டும் ஏமாந்திருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். சத்யாவையும் இழுத்துவிட்டேன். புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் அவளும் டீச்சர், பக்கத்து போர்ஷனில் குடியிருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் நாலு மாதம். "கண்ட மருந்தடிச்சதத் தின்னாதீங்க மிஸ்" என்று அவள் போனை வாங்கிப் பேரைப் பதிந்தவள் நான்.

ஐந்தாவது வாரப் பச்சைப் பையில் அரைக்கீரை இருந்தது. கட்டைப் பிரிக்கப் போன கை நின்றுவிட்டது. வாழைநாரைச் சிலுவை மாதிரி குறுக்கே போட்டு, நுனியை உள்ளே செருகிய முடிச்சு. இப்படிக் கட்டுகிற ஒரே ஆள் என் அம்மா ஞானமணி. ஆவூரில் முத்துராமன் தோட்டத்தில் கூலிக்குக் கீரை அறுக்கிறாள். ஒவ்வொரு நாளும் அறுக்கிற முதல் கட்டுக்கு மட்டும் அந்தச் சிலுவை. ஆண்டவருக்கு என்று கணக்கு. போவது என்னவோ வியாபாரிக்குத்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஒங்க கீரையெல்லாம் எங்கம்மா போவுது?"

"எங்கிட்டோ போவுது. வெள்ளிக்கெழம சாயந்தரம் ஒரு வேன் வரும். பச்சைப் பை குடுப்பாங்க, நாங்களே அடுக்கிக் குடுப்போம். ஏண்டி?"

"மருந்து அடிக்கிறாங்களா?"

"அடிக்காம? பூச்சி நமக்கு மிச்சம் வைக்குமா? புதங்கெழம அடிச்சாங்க. எனக்குக் கையெல்லாம் இன்னும் எரியுது."

சத்யா வீட்டில் குக்கர் விசில் கேட்டது. ஓடினேன்.

"அந்தக் கீரையத் தின்னாதீங்க, கீழ கொட்டுங்க மிஸ்."

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் கை எரிவதைக்கூட. சத்யா என் கையிலிருந்த கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சும்மா சொன்னா யாரு நம்புவா? ஆதாரத்தோட பண்ணைக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போடுங்க."

நான் பி.எஸ்சி. படித்தவள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஆதாரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? வெளிச்சத்தில் வைத்து, முடிச்சு நடுவில் வருகிற மாதிரி போட்டோ எடுத்தேன். 'இது கறம்பக்குடிக் கீரை இல்லை. வேறு தோட்டத்தில், புதன்கிழமை மருந்தடித்தது. கட்டியவரை எனக்குத் தெரியும்' என்று எழுதிப் போட்டேன். அம்மா பேரும் போடவில்லை, தோட்டத்தின் பேரும் போடவில்லை. அது போதும் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் அரவிந்த்குமார் பதில் போட்டார். 'சுட்டிக்காட்டிய சகோதரிக்கு நன்றி. மழையால் எங்கள் கீரை அழுகியதால் இந்த ஒரு வாரம் மட்டும் வெளியில் வாங்கினோம். அங்கே கூலிக்கு வந்த ஒரு பெண்ணின் கவனக்குறைவு. அவரை நீக்கச் சொல்லிவிட்டோம்.' அதன் கீழே வரிசையாகக் கும்பிடு. உங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறோம் என்று ஒருத்தர். மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் எழுதினேன். குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

சாயந்தரம் சத்யா வந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

"கட்டுனது ஒங்க அம்மாதான்னு, நீங்க போட்டோ போட்டதுமே முதலாளிக்குப் போன் பண்ணிச் சொன்னேன் மிஸ். தப்பா எடுத்துக்காதீங்க. கையில மருந்தோடயே கட்டியிருக்காங்க. எனக்கு வயித்துல புள்ள."

"மருந்து கீரையில இருக்கு மிஸ். அவங்க கைக்கு அதுலேருந்துதான் வந்துச்சு."

"கையக் கழுவிட்டுக் கட்டலாம்ல?"

அடுத்த சனிக்கிழமையும் பச்சைப் பை அவள் வீட்டுக்கு வந்தது. கீரைக்கு ரப்பர் பேண்டு போட்டிருந்தது. "இப்ப நீட்டா இருக்குல்ல" என்று என்னிடமே காட்டினாள். கொஞ்ச நேரத்தில் குக்கர் விசில் அடித்தது. இந்தத் தடவை நான் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆவூர் போனேன். அம்மா உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தோல் உரிந்திருந்தது.

"முத்துராமன் போனக் காட்டுனாரு. ஒம் மவ படிச்சவள்ல, அவ சோறு போடுவா போன்னுட்டாரு."

"வேற தோட்டத்துக்குப் போ."

"போனேன். போட்டோ எனக்கு முன்னாடி போயிருச்சு."

"தப்புப் பண்ணுனது அவனுங்கம்மா."

"இருக்கட்டும்." கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "போட்டோ எடுக்கும்போது அந்த முடிச்ச அவுத்துட்டு எடுத்திருக்கலாம்ல?"

"அவுத்துட்டா ஆதாரம் ஏது?"

"ஆமா" என்றாள் அம்மா. "படிச்சவ. ஒனக்குத்தான் தெரியும்."

அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை.