சிலுவையைக் கழற்றிய ஞாயிறு

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் பனி மூடிய எங்கள் மலையில் யாரும் குடிலுக்குள் அடைந்து கிடக்க மாட்டார்கள். கிடந்தால் ஒன்று காய்ச்சல், இல்லையென்றால் புருஷன் பெண்டாட்டி சண்டை. எனக்கு இரண்டும் இல்லை. இடது இடுப்பெலும்பில் வலி, ஜனவரியிலிருந்து. என் புருஷன் ஹால்வாரிடம் சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் என் மார்பிலிருந்து புற்றுநோய்க் கட்டியை எடுத்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார், எலும்பில் வலி வந்தால் உடனே வந்துவிட வேண்டும் என்று. உடனே போவதற்குத் தைரியம் வேண்டாமா? நான் மாத்திரையை விழுங்கிவிட்டு, பனியில் காலில் கட்டிக்கொண்டு போகும் சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்த்தேன்.

மலைக்கு அந்தப் பக்கம், உறைந்த ஏரிக்கரையில், ஒவ்வொரு ஈஸ்டருக்கும் போதகர் தோரா பனியாலேயே பீடம் கட்டி ஆராதனை நடத்துவார். நீளமான பழைய மரச் சறுக்குக் கட்டைகள் இரண்டைக் குறுக்கே வைத்துக் கட்டிப் பீடத்துக்குப் பின்னால் நட்டால் அதுதான் சிலுவை. எனக்கு அந்த ஆராதனை இல்லாமல் வருஷம் ஓடாது. ஹால்வாருக்குக் கடவுளும் கிடையாது, பிசாசும் கிடையாது. முடிந்ததும் ஊற்றுகிற காபிக்காக வருவான்.

"என்ன இங்குன், ஊர்ந்துக்கிட்டு வர்ற? நீ போய்ச் சேர்றதுக்குள்ள உயிர்த்தெழுந்தவரு அலுத்துப்போய் மறுபடி படுத்துக்கப் போறாரு."

"அவரு எனக்காகக் காத்திருப்பாரு. உன் காபிதான் ஆறிப்போகும். வாயை மூடிக்கிட்டுப் போ."

அவன் சிரித்துக்கொண்டே முன்னால் போனான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஏற்றம் முடிகிற இடத்தில் மூடுபனி வந்துவிட்டது. எதிர்மலை போயிற்று, வானம் போயிற்று. வழிகாட்ட நட்டிருந்த பிர்ச் மரக் குச்சிகளில் அடுத்த ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் இடுப்பில் யாரோ கத்தியை விட்டுத் திருகியது போல இருந்தது. விழுந்தேன். இடது காலைத் தூக்கப் பார்த்தேன், அது என் பேச்சைக் கேட்கவில்லை.

"எங்க வலிக்குது?" ஹால்வார் மண்டியிட்டுக் கேட்டான்.

"கால் பிசகிடுச்சு." அப்போதும் பொய்தான் வந்தது.

போனில் சிக்னல் இல்லை. காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது. அவன் முதுகுப்பையிலிருந்து மண்வாரியை எடுத்துப் பனியில் குழி தோண்டினான், பனிமான் தோலை விரித்தான், என்னை உட்கார வைத்துத் தன் பஞ்சுச் சட்டையையும் மேலே போர்த்தினான். கையில் ஒரு ஆரஞ்சைத் திணித்தான்.

"குச்சியைப் பிடிச்சுக்கிட்டே ஏரிக்குப் போயி ஆளக் கூட்டிட்டு வர்றேன். நீ அசையக் கூடாது."

"அசைய முடிஞ்சா நான் எதுக்குடா இங்க உக்காந்திருக்கேன்?"

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. இரண்டு தள்ளு தள்ளினான், மூடுபனி அவனை விழுங்கிவிட்டது.

அதற்குப் பிறகு இருந்த பயத்தை எப்படிச் சொல்வது? குளிருக்குப் பயந்தேன். அவன் குச்சியைத் தவறவிட்டுப் பள்ளத்தில் விழுந்துவிடுவானோ என்று பயந்தேன். எல்லாவற்றையும் விட என் எலும்புக்குப் பயந்தேன். அது உள்ளே இருந்துகொண்டு என்னைத் தின்கிறது என்று உறுதியாகத் தோன்றியது. வாய்விட்டுக் கத்தினேன். காற்று அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜெபம் செய்தேன். சபையில் எல்லோரும் சேர்ந்து சொல்வது, சின்ன வயதிலிருந்து தூக்கத்தில் கூடச் சொல்லக்கூடிய அதே ஜெபம். ஆரம்பம் தடையில்லாமல் வந்தது. உம் விருப்பப்படியே நடக்கட்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. அவர் விருப்பம் என்னவென்று யாருக்குத் தெரியும்? நான் போய்விட வேண்டும் என்பதாக இருந்தால்? மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி அதே இடம். பிடிவாதக்காரக் கழுதை போல அந்த வரியின் முன்னால் நின்றேன், ஒரு அடி நகரவில்லை.

விரல்கள் மரத்துப்போன பிறகு குரல்கள் கேட்டன. முதலில் ஹால்வார், பின்னால் நாலைந்து பேர், அவர்களோடு குளிர்ச்சட்டைக்கு மேல் வெள்ளை அங்கி போட்ட தோரா. ஒருவர் தோளில் இரண்டு நீளமான மரக் கட்டைகள் இருந்தன. எனக்கு அவற்றை அடையாளம் தெரிந்தது.

"ஐயோ, சிலுவையைக் கழட்டிட்டீங்களா?"

"நான் எங்க கழட்டினேன்?" என்றார் தோரா. "உங்க வீட்டுக்காரர் வந்தாரு, நேரா பீடத்துக்குப் பின்னாடி போனாரு, பிடுங்கினாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம்தான் விஷயத்தையே சொன்னாரு."

"நீளமான கட்டை வேணும்ல," என்று ஹால்வார் முணுமுணுத்தான்.

சிலுவைக் கட்டைகளோடு என் கட்டைகளையும் சேர்த்து, குறுக்கே ஊன்றுகோல்களை வைத்து வாரால் இறுக்கி ஒரு இழுவண்டி செய்தார்கள். தோலை விரித்து என்னை அதன்மேல் கிடத்தினார்கள். மற்றவர்கள் முன்னால் கயிற்றை இழுக்க, ஹால்வார் என் தலைமாட்டில் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"கால் பிசகல," என்றேன் அவனிடம். "இடுப்பெலும்பு. ஜனவரியிலேர்ந்து."

"தெரியும்."

"எப்படி?"

"மாத்திரை டப்பா காலியாகிறது தெரியாத அளவுக்கு நான் குருடா?"

"அப்போ ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவியே."

நான் அழுதேன். இத்தனை நாளாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

முன்னாலிருந்து தோரா, "ஆராதனையப் பாதியில விட்டுட்டு வந்திருக்கோம். இழுத்துக்கிட்டே முடிச்சிடுவோம்," என்று கத்தினார். அதே ஜெபத்தை எல்லோரும் அடிவைப்புக்குத் தகுந்தபடி சொல்ல ஆரம்பித்தார்கள். என் தலைக்கு மேலே இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூட வயதில் சபையில் சேர்ந்த நாளுக்குப் பிறகு அவன் அதைச் சொல்லியிருக்கவே மாட்டான். துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது அந்தக் குரல். அந்த வரி வந்தது. முன்னால் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். ஹால்வாரின் குரல் நின்றுவிட்டது. எங்கே நான் நின்றேனோ அங்கேயேதான் அவனும் நின்றான். நிமிர்ந்து பார்த்தேன், வண்டியை மட்டும் விடாமல் பிடித்திருந்தான்.

அவனை அங்கே தனியாக நிற்க விட எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியை நான் சொன்னேன், அவன் காதில் விழும்படி, உரக்க. எனக்காகச் சொல்ல முடியாமல் போனது அவனுக்காக வந்துவிட்டது. அவனும் பாதியை விழுங்கி மீதியைச் சொன்னான்.

வலி அப்படியேதான் இருந்தது. பயமும் இருந்தது, ஆனால் மூச்சு விட முடிந்தது.

"விடுமுறை முடிஞ்சு செவ்வாய்க்கிழமை டாக்டர் இருப்பாரு," என்றான்.

"நீயும் உள்ள வரணும்," என்றேன். "வெளிய காபி குடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

"வர்றேன்," என்றான்.