ஜீப் போகும்வரை

இங்கிலாந்துக் கிராமம் பார்க்க இங்கிலாந்துக்காரர்களே நீலகிரிக்கு வருகிறார்கள். அதற்கும் ஒரு கம்பெனி இருக்கிறது. வேனுக்கு எட்டுப் பேர், ஆறு நாள். கல்லில் கட்டிய சர்ச், பாசி பிடித்த கல்லறை, ஓட்டு பங்களா, சாயங்காலம் கேக்கும் டீயும். கூடவே போய்க் கதை சொல்கிற ஆள் செல்லக்கண்ணு. எஸ்டேட் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்து, பங்களா சமையல்கட்டில் தட்டுக் கழுவி இங்கிலீஷ் பிடித்தவன். கல்லறையில் கிடக்கும் துரைமாரின் குலம் கோத்திரமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சொந்த அப்பனை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டைக் கையால் காட்டுவான். எந்தச் செடிக்கு அடியில் என்று சொல்லத் தெரியாது.

அன்று ஐந்தாம் நாள். அரவேணு தாண்டி வேன் எஸ்டேட் ரோட்டில் இறங்கியது. மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடந்தது. டிரைவர் முருகன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினான்.

"ஏனுங்க கைடு சார், முகம் ஏன் செத்துப் போயிருக்கு? உங்க ஊட்டுக்கே விருந்தாளி கூட்டிட்டுப் போறீங்க. சிரிங்க."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

"ரோடு தெரிஞ்சாத்தானே பாக்கறதுக்கு."

இன்றைக்கு எட்டுப் பேரும் டீ குடிக்கப் போவது செல்லக்கண்ணுவின் அம்மா மருதாம்பாளின் லயத்து வீட்டில். அந்த டீயில்தான் வீடு நிற்பதும் போவதும் இருந்தது.

லயத்து வீடு, செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பேர் இருக்கும்வரைதான். மருதாம்பாள் முப்பத்தாறு வருஷம் கொழுந்து பறித்தாள். போன தை மாதம் ரிட்டயர் பண்ணி, செக்ரோலில் பேரை அடித்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் காலி பண்ணியிருக்க வேண்டும். ஆவணி பிறந்தும் அவள் அசையவில்லை. அசைந்தால் போக இடமும் இல்லை. மகன் கோத்தகிரியில் ஒற்றை ரூமில் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு கால் நீட்ட இடமில்லாமல் கிடக்கிறான்.

டூர் கம்பெனி லெஸ்லிதான் வழி கண்டுபிடித்தவர். வெள்ளைக்காரர்கள் பங்களா பார்த்துச் சலித்துவிட்டார்கள், லயத்துக்குள் உட்கார்ந்து டீ குடிக்க ஆசைப்படுகிறார்கள், டீ போட ஒரு அம்மா வேண்டும் என்று எஸ்டேட் மேனேஜர் ராஜசேகரிடம் பேசினார். மேனேஜர் யோசித்துவிட்டு, ஒரு தடவை பார்ப்போம், கெஸ்ட்டுக்குப் பிடித்துப்போனால் அந்தம்மா அங்கேயே இருந்துகொள்ளட்டும் என்றார். மருதாம்பாள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பக்கத்து வீட்டுத் தேவியிடம் இரவல் வாங்கி எட்டு டம்ளர் சேர்த்தாள்.

முன் சீட்டில் டெனிஸ் என்கிற கிழவர் இருந்தார். எண்பது வயது. ஐந்து நாளாக வாய் திறக்காத மனுஷன், லயத்துக்குப் போகிறோம் என்றதும் பேச ஆரம்பித்தார். அவர் அப்பா பண்ணைக் கூலி. வீடு பண்ணைக்காரனுடையது. வைக்கோல் போரிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தது, வேலை போனது, வேலையோடு வீடும் போனது. "எனக்கு ஆறு வயசு. கட்டிலை ரோட்டில் வைத்தார்கள். இப்போது அந்த வீட்டுக்கு லண்டனிலிருந்து சனிக்கிழமை மட்டும் ஆள் வருகிறார்கள். அழகான கிராமம் என்று எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள்."

உங்கள் ஊரிலுமா என்று கேட்க செல்லக்கண்ணுவுக்கு நாக்கு வரை வந்தது. அதற்குள் எஸ்டேட் கேட் வந்துவிட்டது.

கேட்டில் மேனேஜரின் ஜீப் நின்றது. ராஜசேகர் தொப்பியைக் கழற்றி எட்டுப் பேருக்கும் கை கொடுத்தார். பிறகு செல்லக்கண்ணுவின் பக்கம் திரும்பினார்.

"நானும் வந்து பாத்தர்றேன். முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க."

"சார், நீங்க பின்னால வந்தீங்கன்னா நல்லாருக்கும்."

"ஏன்?"

அதை எப்படிச் சொல்லுவது? ஜீப் முன்னால் போனால் லயத்துக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்ஸ்பெக்‌ஷன். வளைவில் ஜீப்பை முதலில் பார்க்கிறவன் விசில் அடிப்பான். விசில் கேட்டதும் செக்ரோலில் பேர் இல்லாதவர்களெல்லாம் தேயிலைக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய சாமான் பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும். துரை வந்து பார்க்கும்போது கணக்குச் சரியாக இருக்கும்.

செல்லக்கண்ணுவும் அப்படிப் படுத்துக் கிடந்தவன்தான். அப்பா செத்து, அம்மாவுக்குப் பேர் பதியும்வரை இரண்டு வருஷம் அவர்கள் கணக்கில் வராத ஆட்கள். ஒரு தடவை கங்காணி, சின்னம்மை என்ற பிள்ளையைப் பிடித்து ரோட்டில் நிறுத்திக் கூப்பிட வைத்தான். "அம்மா, யாரும் கோவிக்கல, வெளிய வா." பிள்ளை குரல் கேட்டு அவள் அம்மா எழுந்து வந்தாள். சாயங்காலம் அவர்கள் சட்டி பானை ரோட்டில் இருந்தது. அன்றைக்கு மருதாம்பாள் மகனின் கன்னத்தைப் பிடித்துச் சொன்னாள்: "நானே கூப்புட்டாலும் வராத. ஜீப்பு போற சத்தம் கேட்டப்பறம்தான் வரணும்."

செல்லக்கண்ணு போனை எடுத்து அடித்தான். லயத்தில் எப்போதும்போல் சிக்னல் இல்லை. ஜீப் முன்னால் போனது. மேகத்துக்குள் எங்கோ, லயத்துக்காரர் சங்கிலிக் கிழவனின் விசில் கேட்டது.

"யாரோ குருவி மாதிரி கூவுறாங்க" என்றான் முருகன்.

வீடு திறந்து கிடந்தது. சுண்ணாம்பு வாசனை. அடுப்பு மெழுகி, தரை துடைத்து, ஒரு துரும்பு இல்லை. பாய் இல்லை, டிரங்குப் பெட்டி இல்லை, டம்ளர் இல்லை. காலண்டர் மாட்டிய ஆணி மட்டும் சுவரில் இருந்தது. எட்டுப் பேரும் தலை குனிந்து உள்ளே போனார்கள். எவ்வளவு சுத்தம், எவ்வளவு அமைதி என்று ஒரு அம்மா வியந்தாள். போட்டோ எடுத்தார்கள்.

"காலி பண்ணிட்டாங்களா? சொல்லவே இல்லயே" என்றார் ராஜசேகர்.

"இல்லீங்க சார். இங்கதான் இருக்காங்க. உங்க ஜீப்பப் பாத்துப் பயந்துட்டாங்க."

"நான் என்ன புலியா?"

வாசலில் நின்ற தேவியிடம் மேனேஜர் கேட்டார். தேவி தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாதுங்க தொரை" என்றாள். அவள் பின்னால் மருதாம்பாளின் டிரங்குப் பெட்டி தெரிந்தது.

செல்லக்கண்ணு தேயிலை ஓரத்துக்கு ஓடினான். நாலு வரிசைக்கு மேல் எதுவும் தெரியவில்லை. கூப்பிட வாய் திறந்தபோது வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"அம்மா, யாரும் கோவிக்கல. வெளிய வா."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. மறுபடி கூப்பிட்டான். நான்தாம்மா, செல்லக்கண்ணு என்றான். டீ குடிக்க வந்திருக்காங்க என்றான். செடிக்குள் இறங்கி இடுப்புவரை நனைந்து தேடினான். இலை அசையவில்லை. முப்பத்தாறு வருஷம் பறித்த காட்டில் எங்கே படுத்தால் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா?

மழை பிடித்தது. விருந்தாளிகள் ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். ராஜசேகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

"செல்லக்கண்ணு, ஆளக் கண்டா ஒளியறவங்கள வெச்சுக்கிட்டு நாளைக்கு இன்னொரு குரூப்ப எப்பிடிப்பா கூட்டிட்டு வர்றது? ஊடு இப்பிடி இருக்கறதே நல்லாத்தான் இருக்கு. அவங்களுக்கு ஊடுதான் வேணும், பாத்தியல்ல?"

"அம்மா வந்துருவாங்க சார். ஒரு அஞ்சு நிமிஷம். நீங்க போனீங்கன்னாவே வந்துருவாங்க."

"நான் போனப்பறம் வர்றவங்களுக்கு நான் எப்பிடி ஊடு குடுக்கறது?"

ஜீப்பிலிருந்து பூட்டு வந்தது. ஜீப் டிரைவர் கதவை இழுத்துப் பூட்டி, ஆட்டிப் பார்த்தான். ஜீப் கீழே இறங்கியது. சத்தம் ஒரு வளைவுக்குக் கேட்டது, அடுத்த வளைவுக்குக் கொஞ்சம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

டெனிஸ் மட்டும் வேனில் ஏறவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். "இது உன் அம்மா வீடா?" என்று கேட்டார். செல்லக்கண்ணு தலையை ஆட்டினான்.

மழையில் மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. ஏழாம் வரிசையில் கம்பளி ஒன்று எழுந்தது. மருதாம்பாள் வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது, கணுக்காலில் அட்டை இரண்டு தொங்கியது. கம்பளிக்குள் எதையோ பிள்ளையைப் போல அணைத்திருந்தாள். முகத்தில் ஜெயித்த களை.

"ஜீப்பு போயிருச்சில்ல? ஒண்ணும் கண்டுபிடிக்கலையே?"

"அம்மா, நான் கூப்பிட்டேனே."

"கேட்டுச்சு. உன்னப் பிடிச்சு வெச்சு கூப்புட வெக்கிறானுங்கன்னு எனக்குத் தெரியாதா? அம்பது வருஷமா எத்தன தொரையப் பாத்துருக்கேன்."

கம்பளியை விலக்கினாள். துணி சுற்றிய தூக்குப் போசியில் டீ. மடியில் எட்டு டம்ளர்.

"இன்னும் ஆறல. எங்க அவங்க?"

பிறகுதான் கதவைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். புதுப் பூட்டு.

"இது யாரு பூட்டு?"

"தொரை பூட்டும்மா."

அவள் பூட்டைக் கையிலிருந்து விட்டாள். படியில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்தாள். ஒரு டம்ளரைச் சேலையில் துடைத்து, டீயை ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கீழே ரோட்டில் முருகன் ஹாரன் அடித்தான்.

"எட்டுப் பேருன்னியே."

"மழைக்கு வேன்ல ஏறிட்டாங்க."

மருதாம்பாள் ஏழு டம்ளரையும் போசியையும் பார்த்தாள். வலது கை கதவைத் தள்ளப் போய், பாதியில் நின்றது.

"அப்ப மிச்சத்த எங்கடா கொண்டுபோய் வெக்கிறது?"