ஒரே ஒரு கறை

"ரசம் புளிச்சிப்போச்சா, இல்ல அளவு தெரியாம காய்ச்சிட்டியா? பாதி ஜாடி அப்படியே கீதே!"

போதகரின் மனைவி ஜாடியை வடிவின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். வடிவு ஜாடியை வாங்கி முகர்ந்தாள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கோயிலில் நற்கருணையில் சபையார் பருகும் திராட்சை ரசத்தைக் காய்ச்சுவது வடிவுதான். உலர்ந்த திராட்சையை முதல் நாளே ஊறப்போட்டு, கொதிக்கவிட்டு, மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டுவாள். எத்தனை பேருக்கு எவ்வளவு என்பது கைக்குப் பழகிப்போயிருந்தது. ருசி பார்த்தாள். புளிக்கவில்லை. கூட்டமும் குறையவில்லை, அன்று அதிகம்கூட.

அது அன்னம்மாள் ஓய்வுபெற்ற ஞாயிறு. சேரியில் பிறந்து, 1957 முதல் முப்பது வருடம் வீடு வீடாக வேதம் சொன்ன ஊழியக்காரி. அவள் வாழ்க்கையைப் போதகர் பிரசங்க மேடையில் நின்று விவரித்தார். காலரா வந்த வருடம் சொந்தக்காரர்களே எட்டிப் பார்க்காத வீடுகளில் வாந்தி அள்ளியவள் அவள். கமிட்டிச் செயலாளர் கஜபதியின் பிள்ளைகள் மூவரையும் முதலில் கையில் ஏந்தியவள் அவள். கஜபதி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி வாழ்க்கையிலேர்ந்து நாம கத்துக்கணும்" என்று போதகர் முடித்தார்.

அன்னம்மாளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வடிவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "நான் ஜெபம் சொல்லிக் குடுத்த ஜனங்களோட ஒரு தபா ஒண்ணா மண்டி போட்டு, அந்தப் பாத்திரத்துல குடிச்சிடணும்டி."

ஏனென்றால் வழக்கம் வேறு. ஊரின் பழைய குடும்பங்கள் பெஞ்சிலிருந்து முதலில் போவார்கள். பாயில் உட்காரும் சேரி ஜனம் கடைசியில் போகும், அன்னம்மாளும் அவர்களோடுதான். பாத்திரம் ஒன்றே. ஒரு வாய் பட்டதும் போதகர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் உதட்டில் வைப்பார். பெஞ்சுக்கு ஒரு துணி, பாய்க்கு ஒரு துணி. ஏன் இரண்டு என்று வடிவு கேட்டதில்லை.

அன்று போதகர் அன்னம்மாளைப் பெஞ்சுக்காரர்களோடு, வரிசையின் முதல் ஆளாக மண்டியிட வைத்தார்.

சாயங்காலம் வடிவு துணிகளைத் துவைக்க எடுத்தாள். பாய்த் துணி முழுக்க ஊதாக் கறை. பெஞ்சுத் துணியை விரித்தாள். வெள்ளையாக இருந்தது. மூலையில் மட்டும் ஒரே ஒரு கறை.

குடித்தால் விளிம்பில் ஈரம் தங்கும், துணியில் ஏறும். மூடிய உதடு கறை விடாது. அந்த வரிசையில் முதலில் குடித்தவள் அன்னம்மாள். அவளுக்குப் பின்னால் யாரும் குடிக்கவில்லை.

வடிவு அவள் வீட்டுக்கு ஓடினாள். அன்னம்மாள் காலையில் போட்ட மாலையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"துணி தொவைச்சிட்டியா?"

"ஆச்சுக்கா. பெஞ்சுத் துணியிலயும் கறை போவவே மாட்டேங்குது."

"எங்கிட்டயே பொய்யா? பக்கத்துலதானே மண்டி போட்டுகினு இருந்தேன். ஒரு தொண்டையும் அசையல."

வடிவு தலை குனிந்தாள். "போதகர் ஐயருக்குத் தெரியாதாக்கா?"

"பாத்திரம் அவர் கையிலதானே கீது. கனம் தெரியாதா இன்னா?" அன்னம்மாள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "காலராவுல என் கையால கஞ்சி குடிச்ச வாயிங்கடி அதெல்லாம்."

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. ரசம் வீணானதைப் பற்றி கஜபதியே பேச்செடுத்தார். "ஒரே பாத்திரத்துல எல்லாரும் வாய் வெச்சா நோய் வரும்னு டாக்டருங்க சொல்றாங்க, ஐயரே. சுகாதாரம்னு ஒண்ணு கீது இல்ல?" யாரும் மறுக்கவில்லை. போதகரும்தான்.

அடுத்த மாதம் தட்டு நிறையக் கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிளாஸ்கள் வந்தன. அன்னம்மாள் அதே வரிசையில், கஜபதிக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டாள். எல்லாத் தொண்டையும் அசைந்தது.

வாசலில் அவள் வடிவின் கையைப் பிடித்தாள். "ரசம் மிஞ்சுச்சா?"

"இல்லக்கா."

துவைக்கத் துணியும் இல்லை. ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்துவிட்டால் ரசம் மிஞ்சாது.